பச்சை உணவும் பழுதுபட்ட சிறுநீரகமும்

கடந்த கோடையில் ஒரு நாள் அதிகாலை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை அவருடைய மகன் சக்கர நாற்காலியில் வைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். முந்தைய இரவு கழிப்பறைக்குச் சென்றவர் எழுந்திருக்க இயலாமல் அங்கேயே அமர்ந்துவிட்டார். பக்கவாதமோ என்று குடும்பத்தார் அஞ்சியிருந்தனர். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 38. இ.சி.ஜி.யில் அலைகள் கூர்மையாக உயர்ந்தும் அகன்றும் காணப்பட்டன. இரத்தத்தில் பொட்டாசியம் 7.6 என்று ஆய்வகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. அந்த நிலையில் இதயம் எந்த நொடியிலும் நின்றுவிடக்கூடும். கால்சியம் ஊசி, இன்சுலினும் குளுக்கோஸும், அதன்பின் நான்கு மணி நேர டயாலிசிஸ். மாலையில் அவர் தாமே எழுந்து நடந்தார்.

மறுநாள் வார்டில் அவர் என்னிடம் கேட்டார்: “டாக்டர், மூன்று மாதமாக அடுப்பில் வைத்த எதையும் நான் தொடவில்லை. காய், கனி, கீரை, தேங்காய், இளநீர் இவ்வளவுதான். நல்லதைத்தானே சாப்பிட்டேன்?”

அவருடைய இசைவுடன், அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்வியை அண்மைக் காலத்தில் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கிறேன். சமைக்காத உணவு, பச்சைச் சாறு, முளைகட்டிய பயறு என்று தம் உணவை மாற்றிக்கொண்டவர்கள் பலர் எங்களிடம் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அதனால் நன்மையே அடைந்திருக்கின்றனர். ஆசிரியரும் அடைந்திருந்தார். எடை 74 கிலோவிலிருந்து 67 ஆகியிருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 168லிருந்து 112க்கு இறங்கியிருந்தது. பல ஆண்டு மலச்சிக்கல் தீர்ந்திருந்தது. அவர் பெற்ற பயன் உண்மை. அவருக்கு நேர்ந்த ஆபத்தும் உண்மை. இரண்டும் ஒரே தட்டிலிருந்து வந்தவை.

அவர் எழுதிவைத்திருந்த பட்டியலை எங்கள் உணவியல் வல்லுநர் கூட்டிப் பார்த்தார். காலையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையின் சாறு, முற்பகலிலும் மாலையிலும் ஓர் இளநீர், மதியம் முளைப்பயறும் தேங்காய்த் துருவலும் நான்கு வாழைப்பழமும், பிற்பகல் தக்காளி, கேரட் சாறு, இரவு பப்பாளியும் பேரீச்சம்பழமும். ஓர் இளநீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கக்கூடும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400. மொத்தக் கணக்கு நாளொன்றுக்கு 5,000 மில்லிகிராமை நெருங்கியது. போதாக்குறைக்கு, இரத்த அழுத்தத்திற்கு நல்லது என்று ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கிச் சாலட்டில் தூவியிருக்கிறார். அத்தகைய உப்பில் சோடியத்தின் இடத்தைப் பெருமளவு பொட்டாசியம் குளோரைடு நிரப்புகிறது என்பதை அவர் அறியவில்லை.

நலமான சிறுநீரகத்திற்கு இது பெரிய சுமையன்று. உண்ணும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. அதிகம் வந்தால் அதிகம் வெளியேற்றும். ஆனால் இருபது ஆண்டுச் சர்க்கரை நோய் ஆசிரியரின் சிறுநீரகத் திறனை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருந்தது. அவர் உட்கொண்டுவந்த டெல்மிசார்டன் என்னும் இரத்த அழுத்த மாத்திரையும் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும். அம்மாத்திரை தவறானது அன்று. அவருடைய சிறுநீரகத்தைக் காக்கவே நான் அதைக் கொடுத்தேன். மாத்திரையும் உணவும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே உடலில் சந்தித்தன என்பதுதான் நடந்தது.

இதில் என் பங்கும் உண்டு. அதற்கு ஆறு வாரம் முன்பு அவர் பரிசோதனைக்கு வந்தபோது எடை குறைந்திருப்பதைப் பாராட்டினேன். அன்றைய பொட்டாசியம் 5.4. இரண்டு வாரத்தில் மீண்டும் பார்க்கலாம் என்று எழுதினேன், அவர் வரவில்லை. மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்ட நான், எப்படி எடை குறைந்தது என்று கேட்கவில்லை. இரவில் வியர்த்து, கை நடுங்கி எழுந்ததையும் அவர் சொல்லவில்லை. உணவு பாதியாகியும் கிளிமிபிரைடு மாத்திரையின் அளவு பழையபடியே இருந்ததால் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது. உணவை மாற்றும்போது மருந்தின் அளவும் மாறவேண்டியிருக்கும். நோயாளி தாமாக மாத்திரையை நிறுத்துவதும் தவறு. மருத்துவரிடம் சொல்லாமல் பழைய அளவிலேயே தொடர்வதும் தவறு.

அப்படியானால் சைவ உணவே சிறுநீரக நோயாளிக்கு ஆகாதா? இல்லை, பெரும்பாலும் நேர்மாறானது. தாவரப் புரதம் உடலில் உண்டாக்கும் அமிலச் சுமை இறைச்சியினுடையதைவிடக் குறைவு. பருப்பிலுள்ள பாஸ்பரசின் ஒரு பகுதி நம் குடலால் உறிஞ்ச இயலாத வடிவில் இருக்கிறது. நார்ச்சத்து குடலுக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் துணை. இதய நோயிலும் சான்று உண்டு: அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் குழுவினர், கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவுடன் உடற்பயிற்சி, மன அமைதிப் பயிற்சி, புகையை விடுதல் ஆகியவற்றைச் சேர்த்து நடத்திய ஆய்வில், இதயத் தமனி அடைப்பு சற்றே பின்வாங்கியதை 1990இல் வெளியிட்டனர். அந்த உணவு சமைத்த உணவு என்பதையும், அது தனியே நின்று அப்பலனைத் தரவில்லை என்பதையும் மறக்கலாகாது.

நம் வீட்டுச் சைவம் அந்தச் சைவமா என்பது வேறு கேள்வி. மூன்று கரண்டிச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் கூட்டு, அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் என்னும் இலையைச் சைவம் என்று சொல்லலாம். நலவுணவு என்று சொல்ல என்னால் இயலாது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையும், குறைந்தது 400 கிராம் காய்கனிகளையும் பரிந்துரைக்கிறது. நம்மில் பலர் முதலாவதைத் தாண்டுகிறோம், இரண்டாவதை எட்டுவதில்லை. கூட்டின் அளவும் சோற்றின் அளவும் இடம் மாறினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு அடுப்பை அணைக்க வேண்டியதில்லை.

சமைத்தால் சத்து போய்விடும் என்பது பாதி உண்மை. வைட்டமின் சி வெப்பத்தில் குறையும். ஆகவே நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை போன்றவற்றைப் பச்சையாக உண்பதில் பொருளுண்டு. ஆனால் தக்காளியின் லைகோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் சமைத்து, சிறிது எண்ணெயுடன் உண்ணும்போதே நன்கு உறிஞ்சப்படுகின்றன. ராஜ்மாவில் உள்ள ஒரு நச்சுப்பொருள் நன்கு கொதித்தால்தான் அழியும். ஊறவைத்து அரைவேக்காட்டில் உண்டவர்கள் சில மணி நேரத்தில் கடும் வாந்தியுடன் வருவதுண்டு.

பச்சை உணவைவிட எனக்கு அச்சம் தருவது பச்சைச் சாறு. ஒரு கட்டுக் கீரையைப் பொரியலாக ஒருவர் தனியே உண்பது அரிது; சாறாக ஒரே மடக்கில் குடித்துவிடலாம். கேரளத்தில் இலும்பன்புளி என்று வழங்கும் பிலிம்பிக்காய் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி, அதன் செறிவான சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை அம்மாநில மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தனர். காயிலிருந்த ஆக்ஸலேட் சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாகத் தங்கியதே காரணம். அவர்களுள் எழுவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதே காய் குழம்பில் புளிக்குப் பதிலாகக் காலங்காலமாக அங்கே உண்ணப்படுகிறது. பாலக்கீரையிலும் ஆக்ஸலேட் மிகுதி. வேகவைத்து நீரை வடித்தால் கணிசமாகக் குறையும். நட்சத்திரப் பழமோ சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அறவே ஆகாது. நிற்காத விக்கலும், மனக்குழப்பமும், வலிப்பும் வரக்கூடும். சுரைக்காய்ச் சாறு கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். 2010இல் டெல்லியில் அறிவியலாளர் ஒருவர் கசந்த சாற்றைக் குடித்து இறந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழுவும், கசக்கும் சாற்றைக் குடிக்கலாகாது என்றே எச்சரித்தது.

முளைகட்டிய பயறு குறித்துச் சிறுநீரக மருத்துவர்கள் மறவாத ஓர் ஆண்டு உண்டு. 2011இல் ஜெர்மனியில் பச்சையாக உண்ணப்பட்ட வெந்தய முளைகள் வழியே ஒருவகை ஈ.கோலை நுண்ணுயிர் பரவியது. 3,800 பேர் அளவில் நோயுற்றனர். 800க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் நுண்ணுயிர்களுக்கும் உகந்தவை. ஆகவே முளைப்பயற்றை ஆவியில் நன்கு வேகவைத்து உண்ணுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்று, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உட்கொள்வோருக்கு இது கட்டாயம். அவர்கள் பம்பளிமாஸ் பழத்தையும் தவிர்க்க வேண்டும். அது டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். வார்ஃபரின் உட்கொள்வோர் திடீரெனக் கீரையைக் கூட்டினால் மருந்தின் வேகம் குறையும். கீரையை நிறுத்த வேண்டுமென்பதில்லை. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும்.

நீண்ட காலம் பச்சை உணவையே உண்பவர்களை ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். 45 வயதுக்குட்பட்ட பெண்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கு ஓரளவோ முற்றிலுமோ நின்றிருந்தது. எடை மிகக் குறைந்தவர்களிடம் இது கூடுதலாக இருந்தது. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில் 201 பேருள் 38 விழுக்காட்டினருக்கு வைட்டமின் பி12 குறைந்திருந்தது. தாவர உணவில் நம்பத்தக்க பி12 இல்லை. பாலும் தயிரும் உண்ணும் சைவர்களுக்கு ஓரளவு கிடைக்கிறது. அவற்றையும் விடுவோர் மாத்திரையாகப் பெற்றே ஆகவேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உட்கொள்வோரிடம் பி12 மேலும் குறையக்கூடும். பாதத்தில் மதமதப்பு, நாக்கில் எரிச்சல், நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றைச் ‘சர்க்கரையால் வந்தது’ என்று தள்ளிவிடாமல் ஒருமுறை பி12 அளவைப் பார்ப்பது நல்லது.

காந்தியடிகள் சமைக்காத உணவை இருமுறை முயன்றார். 1893இல் பிரிட்டோரியாவில் தொடங்கி, உடல் தளர்வதை நாள்தோறும் குறித்து, இரண்டு வாரத்திற்குள் விட்டார். 1929இல் மீண்டும் தொடங்கி, வயிற்றுக்கடுப்பு வந்ததும் விட்டார். இரண்டையும் வெளிப்படையாக எழுதினார். உணவுச் சோதனை செய்வோருக்கு நான் இந்தக் குறிப்பேட்டுப் பழக்கத்தையே பரிந்துரைப்பேன். தொடங்குமுன் கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, பி12 ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் தொடங்கிய இரண்டு வாரத்திற்குள் பொட்டாசியத்தை மீண்டும் பார்க்க வேண்டும். வீட்டில் யார் சமைக்கிறாரோ அவரையும் உடன் அழைத்து வாருங்கள். சரியான விவரம் பெரும்பாலும் அவரிடமே இருக்கும்.

ஆசிரியரின் மனைவியிடம் நாங்கள் ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னோம். காய் வெந்த நீரைக் கொட்டினால் சத்து போய்விடும் என்று அவர் இத்தனை ஆண்டும் அதை ரசத்தில் சேர்த்துவந்தார். பிறருக்கு அது சரியே. அவருடைய கணவருக்கு மட்டும், காயைத் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறைய வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுநீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட வேண்டும். பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீரோடு போய்விடும். “இத்தனை நாள் நான் கொட்டாததெல்லாம் இப்போது கொட்டவேண்டுமா!” என்று அவர் சிரித்தார்.

இப்போது ஆசிரியர் மதியம் சமைத்த உணவு உண்கிறார். மாலையில் வெள்ளரிக்காய், ஓர் ஆப்பிள் அல்லது பாதிக் கொய்யா பச்சையாக. சாறும் இளநீரும் இல்லை; உப்பு சாதாரண உப்பே, குறைவாக. எடை 68. கடந்த மாதம் பொட்டாசியம் 4.7. ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டுடன் வருகிறார். சென்ற முறை கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: ‘மாம்பழம்?’ அதனடியில் நான் எழுதிக் கொடுத்தேன்: ‘வாரம் இருமுறை, ஒரு கன்னம். அன்று வேறு பழம் வேண்டாம்.’