அவதார் தலையாட்டினால் கையெழுத்துப் போடலாமா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெரமி பெய்லன்சனும் நிக் யீயும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்கள் எந்நேரமும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று விஆர் (மெய்நிகர் உலகு காட்டும்) ஹெட்செட்டுக்குள் ஓர் அவதார், அதாவது கணினி வரைந்த மனித உருவம், வாதாடியது. சிலரிடம் மட்டும், கேட்பவரின் தலையசைவையே நான்கு விநாடி கழித்து அது அப்படியே திருப்பிச் செய்தது. பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் அந்த அவதாரின் வாதம்தான் அவர்களிடம் நன்றாக எடுபட்டது.

அன்று பேச்சு அடையாள அட்டையைப் பற்றியது. அதே தலையசைப்பு கடனையும் காப்பீட்டையும் விற்கலாம். யூனியன் பேங்க் ஆஃப் இந்தியா 2022-லேயே மெட்டாவெர்ஸில் மெய்நிகர் கூடம் திறந்துவிட்டது. அவதாரின் புன்னகையும் பார்வையும் யாரோ திட்டமிட்டு அமைத்தவை. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே, இயக்குவது மனிதரா, மென்பொருளா என்று கேட்டுவிடுங்கள்.

நீங்கள் அவதாரைப் பார்க்கும்போது கருவியும் உங்களை அளக்கிறது. 2023-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் 50,000-க்கும் மேற்பட்ட விஆர் விளையாட்டுப் பயனர்களை ஆராய்ந்தார்கள். 100 விநாடி தலை, கை அசைவே போதும், ஆள் யாரென்று 94 விழுக்காடு சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. பெயரை மறைத்தால் போதும் என்று இனி இருக்க முடியாது. கண், முக அசைவுப் பதிவுக்கு அனுமதி கேட்டால், தேவையில்லாதபோது மறுத்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு. இவ்வளவு நீண்ட அவகாசம் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரை நுகர்வோர் சட்டம் கைகொடுக்கும். 'வேண்டாம்' என்றதும் அவதார் முகம் வாடி, கண்கலங்கி நிற்கிறதா? சொல், காணொளி, ஒலி என எந்த வழியிலும் வாடிக்கையாளருக்குக் குற்றவுணர்வோ வெட்கமோ ஊட்டி வாங்கவைப்பதை அச்சட்டத்தின்கீழ் வந்த 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன. வாடிய முகமும் அதில் அடங்கும் என்றே நான் வாதிடுவேன்.

நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். திரையைப் பதிவுசெய்து வையுங்கள். ஆயுள், மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிவிடலாம். வங்கிமீது புகாரென்றால் முதலில் வங்கிக்கே எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். மற்றவற்றுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமே கிடையாது.