ஆறுக்கு ஒன்றரை! (நெடுவினாவுக்குத் தயாராவது எப்படி?)



காலாண்டுத் தேர்வில் தமிழ் நெடுவினா ஒன்றுக்கு நான் வாங்கிய மதிப்பெண் ஆறுக்கு ஒன்றரை. எழுதியது மூன்றே முக்கால் பக்கம்! கணக்குப் போட்டுப் பார்த்தால் பக்கத்துக்கு அரை மார்க்கூட இல்லை. என் பெஞ்சில் இருப்பவர்கள் ஒரு வாரம் என்னை "ஒன்றரை" என்றே கூப்பிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து பி.ஏ. தமிழ் சேரணும் என்று வீட்டில் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா விடைத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தமிழ்லயே ஒன்றரை வாங்குறவ, தமிழ் படிச்சு என்னம்மா பண்ணப் போற?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி கம்பராமாயணத்தில் இருந்துதான். இராமன் மற்ற உயிர்களோடு கொண்ட உறவை நிறுவச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைகேயி வரம் கேட்டதில் ஆரம்பித்து, காட்டுக்குப் போனது, மான் வந்தது, சீதையைத் தூக்கிக்கொண்டு போனது என்று கதையை விடாமல் எழுதினேன். நோட்ஸில் மனப்பாடம் செய்த முன்னுரையையும் அப்படியே போட்டேன். கடைசியில் குகன் பெயர் ஒரே ஒரு இடத்தில் வந்தது. சடாயு வரவே இல்லை!

தமிழ் ஐயாவிடம் மார்க் கேட்கப் போனேன். (கேட்கத்தான் போனேன், சண்டைக்கு இல்லை.) ஐயா தாளை என்னிடமே கொடுத்து, "இதுல கேள்விக்குப் பதில் எந்த வரியில இருக்கு? அடிக்கோடு போட்டுக் காட்டும்மா" என்றார். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று வரிக்கு மேல் கோடு போட இடமில்லை. அந்த மூன்று வரிக்குத்தான் ஒன்றரை.

அப்புறம் ஐயா வழக்குரை காதையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நமக்குப் பாடமாக இருப்பது அரங்கேற்று காதைதான், ஆனால் அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டியன் சபையில் கண்ணகி தன் வாழ்க்கை வரலாறு முழுவதையுமா சொன்னாள்? கோவலன் மாதவியிடம் போனதையா சொன்னாள்? இல்லை. என் கணவன் கள்வன் அல்லன், இதுதான் அவளுடைய வழக்கு. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொன்னான். சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. "நிறுவுகன்னு கேட்டா இதைத்தான் கேட்கிறாங்க. நீ என்னடான்னா சிலம்பை உடைக்காம புகார்ல இருந்து மதுரைக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்க" என்றார் ஐயா. பக்கத்தில் நின்ற எட்டாம் வகுப்புப் பையன்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது கேள்வியின் கடைசிச் சொல்லைத்தான். நாம் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை! 'விவரி' என்றால் என்ன நடந்தது, எப்படி இருந்தது என்று சொன்னால் போதும். 'விளக்குக' என்றால் ஏன், எப்படி என்பதும் வரணும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டையும் தனித்தனியாக ஒவ்வொரு பக்கம் எழுதிவிட்டுக் கும்பிடு போடக் கூடாது, ஒவ்வொரு கருத்திலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டணும். 'நிறுவுக' என்றால் முதலிலேயே ஒரு கருத்தைச் சொல்லி, அதற்குச் சான்று மேல் சான்றாக வைக்கணும். ஒரே பாடத்தில் இருந்துதான் இந்த நாலு கேள்வியும் வரும். ஆனால் பதில் நாலும் வேறு வேறு. மனப்பாடம் செய்த ஒரே பதிலை நாலுக்கும் போட்டால் என் கதைதான் உங்களுக்கும்.

அடுத்தது படிக்கும் முறை. பழைய நோட்டில் ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஐந்தே ஐந்து வரி எழுதினேன். கம்பராமாயணத்துக்கு நான் எழுதியது இது: தசரதனின் பிள்ளைகள் நாலு பேர், வேடன் குகன் ஐந்தாவது தம்பி. சடாயுவுக்கு மகன் போல ஈமக்கடன் செய்தான், ஆகவே பறவை தந்தை ஆயிற்று. சவரி கொடுத்த விருந்தை அன்போடு ஏற்றான். சுக்ரீவன் ஆறாவது தம்பி, குரங்கினம். வீடணன் ஏழாவது தம்பி, பகைவனின் தம்பியே தன் தம்பி. அவ்வளவுதான். மூன்றே முக்கால் பக்கத்தில் நான் சொல்லாததெல்லாம் இந்த ஐந்து வரியில் இருக்கிறது பாருங்கள்.

ஆனால் வரியை வைத்துக்கொண்டு மட்டும் கட்டுரை வராது. அதற்கு எனக்கு உதவியது எங்கள் அப்பத்தா. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கூத்தில் பார்த்த இராமாயணம் முழுசும் தெரியும். ராத்திரி சாப்பிட்ட பிறகு நோட்டை மூடிவிட்டு அப்பத்தாவிடம் வாய்விட்டுச் சொல்வேன். அது சும்மா கேட்காது. "அந்தப் பட்சிக்கு இவன் எதுக்குடி கொள்ளி வைக்கணும்? பெத்த அப்பனுக்கே வைக்கலையே" என்று கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! தசரதன் இறந்தபோது இராமன் காட்டில் அல்லவா இருந்தான்? பெற்ற தந்தைக்குச் செய்ய முடியாத கடனைத் தந்தையின் நண்பனான சடாயுவுக்குச் செய்கிறான். இது எந்த நோட்ஸிலும் நான் பார்க்காதது. இதை எழுதினால் திருத்துகிறவர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார் இல்லையா? இன்னொரு நாள், "ராசாவும் வேடனும் எப்படிடி அண்ணன் தம்பி ஆவாக?" என்று கேட்டது. அந்தக் கேள்விதான் உண்மையில் தேர்வுக் கேள்வி. ஆகவே, வீட்டில் 'ஏன்' என்று கேட்கிற ஆள் யாராவது இருந்தால் விட்டுவிடாதீர்கள். பாட்டி இல்லாதவர்களுக்குத் தம்பி தங்கை போதும், அதுகளும் நன்றாகவே கேட்கும்.

மேற்கோள் பற்றி ஒன்று. எட்டு வரிப் பாட்டை அரைகுறையாக எழுதுவதைவிட இரண்டு வரியைப் பிழையில்லாமல் எழுதுவது நல்லது. எழுதிய பிறகு, இது எதற்குச் சான்று என்று ஒரு வாக்கியமாவது கீழே இருக்கணும். இல்லாவிட்டால் சாட்சியைக் கூப்பிட்டுக் கூண்டில் நிற்க வைத்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் அனுப்பியது மாதிரி. முக்கியமான வரிக்கு அடிக்கோடு போடலாம், ஆனால் பொதுத்தேர்வில் எழுதுவதற்கும் அடிக்கோட்டுக்கும் நீலம் அல்லது கருப்பு மைதான். பச்சை, சிவப்பு ஜெல் பேனாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இப்போது நேரக் கணக்கு. எழுத 3 மணி நேரம், அதாவது 180 நிமிடம். வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அப்படியானால் ஒரு மார்க்குக்கு 2 நிமிடம். மூன்று நெடுவினா, ஒவ்வொன்றும் 6 மார்க், ஆக ஒன்றுக்கு 12 நிமிடம்தான் கிடைக்கிறது. என் கைவேகத்துக்கு இது பத்தாது. ஆனால் ஒரு மதிப்பெண் கேள்வி 14 இருக்கிறதே, அதற்குக் கணக்குப்படி 28 நிமிடம். நன்றாகப் படித்திருந்தால் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சம் 18 நிமிடத்தை மூன்று நெடுவினாவுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 18 நிமிடம் ஆகிறது. அதில் முதல் 2 நிமிடம் நான் எழுதுவதே இல்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஐந்து சொல் குறித்து, எதை முதலில் சொல்வது என்று வரிசைப்படுத்துகிறேன், முடிந்ததும் அடித்துவிடுகிறேன். சுற்றிலும் எல்லோரும் கடகடவென்று எழுதும்போது சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான்! எனக்கு அரையாண்டில் கை நடுங்கியது. வினாத்தாளைப் படிக்க முதலில் தருகிற 10 நிமிடத்தில், இரண்டில் எந்த நெடுவினாவை எழுதுவது என்று முடிவு பண்ணிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அரையாண்டில் வந்தது அரங்கேற்று காதை. அந்தக் காலத் தமிழருக்கு அரங்கக் கலை எவ்வளவு தெரிந்திருந்தது என்று கேட்டிருந்தார்கள். இந்தக் கேள்வியை நான் எங்கேயும் படித்ததில்லை, என் ஐந்து வரி மட்டும் நினைவில் இருந்தது. ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டுப் பயிற்சி, பன்னிரண்டு வயதில் மாதவி அரங்கேறியது. கோலால் அளந்து கட்டிய மேடை. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று வகைத் திரை. சோழ மன்னன் கொடுத்த தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும். ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு, 'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்று அப்பத்தா குரலில் நானே கேட்டுக்கொண்டேன். திரைக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் மூன்று விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? மொத்தம் இரண்டு பக்கம். மதிப்பெண் ஐந்து.

போன ஒன்று எங்கே என்று கேட்கிறீர்களா? மேடையின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல். நான் ஏழையும் எட்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். ஐயா அதற்கு அரை மார்க் எடுத்துவிட்டார். முன்னுரையில் பழைய நோட்ஸ் வாசனை அடிக்கிறதாம், அதற்கு இன்னொரு அரை!

அப்பா இந்த விடைத்தாளையும் புரட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "காலேஜ்ல ஃபாரம் எப்ப குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

என் ஐந்து வரி நோட்டு வேண்டுபவர்கள் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வரவும். நோட்டைத் தருவேன், பார்த்து எழுதிக்கொள்ள அல்ல. நீங்கள் உங்கள் ஐந்து வரியை எழுதிக்கொண்டு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்ணெய்க் கை படாமல் திருப்பித் தரவும்.

– பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி