கரும்பு வெட்டும் நுண்ணறிவுச் சோதனையும்

நுண்ணறிவுச் சோதனையில் ஒருவர் வாங்கும் மதிப்பெண் அவரோடு பிறந்த அளவா, அல்லது சோதனை நாளில் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கவலையையும் சேர்த்துக் காட்டுவதா? உளவியலில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் இந்த வாதத்தில், உலகெங்கும் பேசப்பட்ட சான்று ஒன்று விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புக் கிராமங்களிலிருந்து கிடைத்தது. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகளிடம் நடத்திய அந்த ஆய்வின் முடிவுகள் 2013 ஆகஸ்ட் 30 அன்று 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் என்ற பொருளியல் அறிஞர்களும், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் என்ற உளவியல் அறிஞர்களும் அதை எழுதினார்கள்.

நுண்ணறிவை அளக்கும் வேலை 1905இல் பாரிஸில் தொடங்கியது. பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளுக்கு எங்கே உதவி தேவை என்று கண்டறிய, ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சிமோனும் ஒரு கேள்வித் தொகுப்பைத் தயாரித்தனர். மதிப்பெண்ணை ஒரு குழந்தையின் மாறாத தலையெழுத்தாகப் பார்க்கக் கூடாது என்பது பினேவின் உறுதியான கருத்து. அந்தச் சோதனை அமெரிக்காவுக்குப் போனபோது கருத்து தலைகீழானது. 1916இல் அதை ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையாக மாற்றியமைத்த லூயிஸ் டெர்மன், நுண்ணறிவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று நம்பினார். ஏழைகளும் குடியேறிகளும் குறைந்த மதிப்பெண் வாங்கியதை அவர்களுடைய பிறப்பின் குறையாகப் படிக்கும் பழக்கம் அங்கிருந்து வேர்விட்டது. இந்தியாவில் வி. வி. காமத் மராத்தி, கன்னட மொழிகளுக்கு ஏற்பத் திருத்திய பினே சோதனை இன்றும் மருத்துவமனைகளில் அறிவுசார் குறைபாட்டைக் கணிக்க உதவுகிறது.

விழுப்புரம் ஆய்வில் பயன்பட்டது வேறு வகைச் சோதனை. ஜான் ரேவன் 1938இல் வெளியிட்ட வடிவச் சோதனையில் சொற்களே கிடையாது. வரிசையாக அமைந்த வடிவங்களில் ஒரு மூலை மட்டும் காலியாக இருக்கும். கீழே தரப்பட்ட துண்டுகளில் எது அங்கே பொருந்தும் என்று சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யலாம். முன்பு பார்த்திராத சிக்கலை யோசித்து அவிழ்க்கும் திறனை இது அளக்கிறது. இன்னொன்று 1935இல் ஜான் ஸ்ட்ரூப் விவரித்த சோதனையின் எண் வடிவம். '5 5 5' என்று அச்சிட்டிருந்தால் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்த்து 'மூன்று' என்று சொல்ல வேண்டும். கண்ணில் பட்ட 'ஐந்து' வாயில் வந்துவிடாமல் தடுக்கும் மனக்கட்டுப்பாட்டை அது அளக்கிறது.

ஏழையின் மதிப்பெண்ணைப் பணக்காரரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் எதுவும் தெளிவாகாது. படிப்பு, உணவு, உடல்நலம், வளர்ந்த வீடு எல்லாமே இருவருக்கும் வேறு. ஒரே மனிதரைப் பணம் இல்லாத மாதத்திலும் பணம் கையில் இருக்கும் மாதத்திலும் சோதிப்பதே நேர்மையான வழி. கரும்பு அதற்கு வாய்ப்புத் தந்தது. ஏறக்குறைய ஓர் ஆண்டுப் பயிர். வருமானம் வெட்டுக்குப் பிறகு மொத்தமாக வரும். அந்தப் பணம் கரைந்துபோன பின் அடுத்த வெட்டு வரை கடனும் அடகும்தான். ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் வருமானத்தில் குறைந்தது 60 சதவீதத்தைக் கரும்பிலிருந்தே பெறுபவர்கள்.

திண்டிவனம் பக்கத்து மல்லாட்டையை (நிலக்கடலையை) போன்ற பயிர் என்றால், ஊர் முழுக்க ஏறத்தாழ ஒரே சமயத்தில் அறுவடை முடிந்துவிடும். அப்போது மதிப்பெண்ணில் மாற்றம் தெரிந்தாலும் அது பணத்தால் வந்ததா, வெயிலாலா, பண்டிகைக் காலத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கரும்பு அப்படியல்ல. ஆலையின் அரவைத் திறனுக்கு மேல் ஒரு நாளில் கரும்பு போக முடியாது. எனவே பதிவு செய்த விவசாயிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நீளும் பருவத்தில் வெவ்வேறு தேதிகளில் வெட்டு உத்தரவு வருகிறது. முண்டியம்பாக்கம், பெரியசெவலை போன்ற ஆலை ஊர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும். ஒரே வாரத்தில் ஒருவர் வெட்டி முடித்துப் பணம் வாங்கியிருப்பார். பக்கத்து வயல்காரர் இன்னும் உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். பருவகாலத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பணத்தின் பங்கை மட்டும் பார்க்க இது வழிவிட்டது.

வெட்டுக்கு முன் விவசாயிகளில் 78 சதவீதம் பேர் பொருள்களை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 சதவீதம் பேர்தான். கடன் இருந்தவர்கள் 99 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்தார்கள். வடிவச் சோதனையில் சரியான விடைகளின் சராசரி 4.35இலிருந்து 5.45 ஆக உயர்ந்தது. எண் சோதனையை முடிக்க 146 விநாடிகள் எடுத்தவர்கள் இப்போது 131 விநாடிகளில் முடித்தார்கள், தவறுகளும் 5.93இலிருந்து 5.16 ஆகக் குறைந்தன. நுண்ணறிவு ஈவுக் கணக்கில் இந்த வித்தியாசம் சுமார் 9 அல்லது 10 புள்ளிகள் என்று முல்லைநாதனும் ஷஃபிரும் மதிப்பிட்டார்கள். மக்களின் சராசரி 100 என்றும் 15 புள்ளிகள் ஒரு படி என்றும் வைத்து எண்ணும் அளவுகோலில் 10 என்பது சின்ன எண்ணிக்கை அல்ல. 'சராசரி' என்று பெயர் பெற்ற ஒருவரை 'மந்தம்' என்ற பெட்டிக்குள் தள்ளிவிடப் போதுமானது.

இரண்டாம் முறை செய்ததால் பழகிவிட்டார்களோ என்ற சந்தேகம் யாருக்கும் எழும். அதற்காகவே 100 விவசாயிகளை முன்கூட்டியே குலுக்கல் முறையில் ஒதுக்கிவைத்து, வெட்டுக்குப் பிறகு மட்டும் முதல் முறையாகச் சோதித்தார்கள். இரண்டாம் முறை செய்தவர்களுக்கும் இவர்களுக்கும் மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. வெட்டுக்கு முன் சாப்பாடு குறைந்ததற்கான அடையாளமும் கிடைக்கவில்லை. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து, உடல் பதற்றத்தைக் கணக்கில் சேர்த்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளியது. மனத்தின் கொள்ளளவுக்கு ஓர் எல்லை உண்டு. வட்டி எப்போது கட்டுவது, நகையை எப்போது மீட்பது, யாரிடம் இன்னும் கேட்கலாம் என்ற கணக்குகள் அதில் ஒரு பகுதியை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. மற்ற யோசனைக்கு மிச்சமே எஞ்சுகிறது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு வணிக வளாகத்தில் நடத்திய துணைச் சோதனையும் இதையே காட்டியது. கார் பழுதுக்கு 1,500 டாலர் ஆகும் என்று கற்பனை செய்யச் சொன்னபோது வருமானம் குறைந்தவர்களின் மதிப்பெண் சரிந்தது. 150 டாலர் என்றபோது சரியவில்லை. வசதியானவர்களிடம் இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை.

எதிர்வாதங்களும் வலுவானவையே. வணிக வளாகச் சோதனையில் வருமானத்தை 'ஏழை', 'வசதி' என்று இரண்டாகப் பிளந்ததையும், சோதனைகள் மிகச் சுருக்கமாகவும் எளிதாகவும் இருந்ததையும் யெல்டே விகெர்ட்ஸும் அன்னமேரி ஸாண்ட் ஸ்கோல்டனும் அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் விமர்சித்தார்கள். வருமானத்தைப் பிளக்காமல் கணக்கிட்டால் முடிவு நிற்கவில்லை என்பது அவர்கள் வாதம். அந்த வளாகத்தில் நடத்திய மூன்று சோதனைகளின் தரவையும் சேர்த்துப் பார்த்தால் நிற்கிறது என்பது ஆய்வாளர்களின் பதில். அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், அறிவுத்திறனில் வித்தியாசம் தென்படவில்லை. மாதச் சம்பளத்துக்கு இடையிலான சில நாள் நெருக்கடியும் ஆண்டுக்கொரு முறை வரும் கரும்புப் பணத்துக்கான காத்திருப்பும் ஒரே எடை கொண்டவையல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இந்த எதிர்வாதங்களுக்கு நடுவே விழுப்புரத்து வயல் தரவுதான் உறுதியான பகுதியாக நிற்கிறது. ஏனென்றால் அங்கே மனிதர் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, நிலம் மாறவில்லை. கையில் இருந்த பணம்தான் மாறியது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. வறுமை மூளையை நிரந்தரமாகக் கெடுக்கிறது என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் எடுத்த மதிப்பெண்ணை வைத்து ஒரு மனிதரையோ, ஒரு சாதியையோ, ஓர் ஊரையோ அளந்துவிட்டதாக நினைப்பது பிழை என்பது மட்டும் இதிலிருந்து உறுதியாகிறது. பயிர்க் காப்பீட்டுப் படிவம், கடன் புதுப்பிப்பு, மானிய விண்ணப்பம் போன்ற யோசித்துச் செய்ய வேண்டிய வேலைகளை, விவசாயியின் கை வறண்ட மாதங்களில் வைக்கலாமா என்று அதிகாரிகள் கேட்டுப் பார்க்கவும் இடமிருக்கிறது.

முல்லைநாதனும் சுப்ரீத் கௌரும் வேறு இருவரும் சேர்ந்து இதே கேள்வியை ஒடிசாவுக்குக் கொண்டுபோனார்கள். வேலை குறைந்த பருவத்தில் கையால் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களில் சிலருக்கு, குலுக்கல் முறையில், அவர்களுடைய கூலியின் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்தார்கள். மொத்தக் கூலி ஒரு பைசாவும் கூடவில்லை. ஆனாலும் பணம் கைக்கு வந்த பிறகு அவர்கள் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை சுமார் 7 சதவீதம் உயர்ந்தது. கவனம் சிதறுவதால் நேரும் தவறுகளும் குறைந்தன. உயர்வு பெரும்பாலும் அந்தக் குழுவிலேயே மிக ஏழைகளாக இருந்தவர்களிடம் காணப்பட்டது.