கருவறைக் கணக்கு – 14: கடைசியில் தயாராகும் நுரையீரல்

சென்ற வாரம் பார்த்த இதயம் அவசரக்காரர். ஆறாவது வாரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார். நுரையீரலும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் சிறு மொட்டாக முளைத்து, கிளை கிளையாகப் பிரிகிறது. ஆனால் பிறக்கும்வரை அதற்கு உத்தியோகம் இல்லை. ஆக்சிஜனை நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்திலிருந்து வாங்கித் தந்துவிடும். நுரையீரலுக்குள் இருப்பது அதுவே சுரந்த நீர்.

ஆனாலும் ஒத்திகை நடக்கிறது. மூன்றாம் மாதத்திலிருந்தே குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதை ஸ்கேனில் காணலாம். இந்த ஒத்திகைக்குப் பனிக்குட நீர் வேண்டும்; அது ரொம்பவும் வற்றிப்போனால் நுரையீரலும் சிறுத்துப்போகும்.

சிக்கல் காற்றறைகளில்தான். மூச்சை வெளியே விடும்போதெல்லாம் இந்த ஈரமான நுண்ணறைகள், நனைந்த பாலிதீன் பை போல ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டவிடாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் பூச்சு. ஏறத்தாழ 24ஆம் வாரத்தில் அது சுரக்கத் தொடங்கினாலும், போதிய அளவு சேர 35 வாரமாவது ஆகும். அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சின் பாடுதான். ‘ஏழு மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நுரையீரலைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்லும்.

இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் கண்ணாடி போன்ற ஒரு படலம் தெரியும். அதுதான் எமன் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அங்கே இருக்கவேண்டிய பூச்சு இல்லை என்பதை 1959இல் அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி, ஜெரி மீடுடன் சேர்ந்து காட்டினார். காரணம் தெரிந்ததே தவிர மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். 39 மணி நேரமே இருந்தான்.

மருந்து கிடைத்தது ஆட்டுக்கொட்டகையில். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் தேடியது வேறு ஒன்றை: பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது? அதற்காகக் கருவிலேயே ஸ்டீராய்டு செலுத்தப்பட்ட ஆட்டுக்குட்டி ஒன்று, நுரையீரல் விரியவே முடியாத பருவத்தில் பிறந்தும் மூச்சுவிட்டது. வேறொருவர் என்றால் குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கடந்திருப்பார். லிக்கின்ஸ், குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியுடன் இணைந்து, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய 282 தாய்மாரிடம் ஸ்டீராய்டைச் சோதித்தார். முடிவு 1972இல் வெளியானது. மூச்சுத்திணறலும் சாவும் குறைந்திருந்தன.

தாய்க்குப் போடும் ஊசி நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து, பூச்சுச் சுரப்பை முடுக்கிவிடுகிறது. நம் நாட்டில் தருவது டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, விலை மலிவு. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். ‘சூட்டு வலியாக இருக்கும், விடியட்டும்’ என்று வீட்டில் காத்திருக்கும்போது கரைவது அந்த ஒரு நாள்தான்.

(தொடரும்)