முக்கால் சுற்று

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 1999இல் ஐகான் வெளிவந்தது. பிறகு ஃபிகோ, எக்கோஸ்போர்ட். 2022இல் உற்பத்தியே நின்றுபோனது. வாரண்டி முடிந்த அந்த வண்டிகளும் மற்ற கம்பெனி வண்டிகளும் கடைசியில் வந்து நிற்பது ஜி.எஸ்.டி. சாலையோர மெக்கானிக் கடைகளில்தான். அங்கே ஆயில் மாற்றும்போது கவனிக்க வேண்டிய சின்னச் சாமான் ஒன்று உண்டு: ஆயில் ஃபில்டர். தளர்வாக மாட்டிக் கெடுப்பவர்களைவிட, முறுக்கிக் கெடுப்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

மடித்த காகிதத்தை உள்ளே அடைத்த தகர டப்பா அது. வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், கேஸ்கெட் என்பார்கள். வளையத்தின் குறுக்களவு ஆறரை செ.மீ. என்றால், உள்பரப்பு சுமார் 33 சதுர செ.மீ. ஓடுகிற எஞ்சினில் ஆயில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 4 கிலோ என்று வையுங்கள். டப்பாவைப் பிய்த்துத் தள்ளப் பார்க்கும் விசை 130 கிலோ! அதைத் தாங்குவது நடுவிலிருக்கும் மரை. ரப்பருக்கு இடுக்கை அடைக்கும் வேலை மட்டும்தான்.

இது புரிந்தால் முக்கால் சுற்றுக் கணக்கும் புரிந்துவிடும். பல கார்களில் இந்த மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும். வளையம் எஞ்சின் முகத்தைத் தொட்டபின் முக்கால் சுற்று திருகினால், ரப்பர் ஒரு மி.மீட்டருக்குச் சற்று மேல் நசுங்கும். அது போதும். கைப்பிடியிலேயே முடிகிற வேலை. டப்பாவின் மேல் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யவேண்டும். அதற்குமேல் ரெஞ்ச் போட்டு இறுக்கினால் ரப்பர் பள்ளத்தை விட்டுப் பிதுங்கும், சமயத்தில் கிழியும். அடுத்த சர்வீஸில் டப்பா கழல மறுக்க, ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே குத்தித் திருகுகிற கூத்தும் நடக்கும்.

மாட்டுமுன் விரல் நுனியில் புது ஆயில் தொட்டு வளையத்தில் தடவுவார்கள். சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். காய்ந்த ரப்பர் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு சுருளும். கைக்கு இறுகிவிட்டது போலத் தெரியும். ரப்பர் சரியாக நசுங்கியிருக்காது.

பெரிய வம்பு பழைய கேஸ்கெட்டில் இருக்கிறது. சூட்டில் விறைத்த வளையம் சிலசமயம் டப்பாவோடு வராமல் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். கருப்பு ஆயிலில் கருப்பு ரப்பர், குனிந்து பார்த்தாலும் சட்டென்று தெரியாது. அதன்மேல் புதியதை மாட்டினால் வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஆக்சிலேட்டரை மிதித்து அழுத்தம் ஏறியதும் இரண்டு வளையமும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடும். பூஞ்சேரியில் கிளம்பிய வண்டி திருப்போரூர் சேருமுன் எஞ்சின் ஆயில் மொத்தமும் ரோட்டில் கிடக்கலாம். எனவே கழற்றிய டப்பாவைத் திருப்பி, வளையம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் முகத்தை வேஸ்ட் துணியால் துடைத்து, விரலை ஒரு வட்டம் ஓட்டுங்கள்.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் நிற்கும் கார்களுக்கு உப்புக்காற்றின் தொல்லை வேறு. ஃபில்டரின் வெளி ஓடு பெயிண்ட் அடித்த மெல்லிய தகடுதான். கீறல் விழுந்த இடத்தில் துரு ஏறும். வார இறுதியில் மட்டும் ஈ.சி.ஆரில் ஓடும் வண்டிக்கு 10,000 கி.மீ. ஆகட்டும் என்று காத்திருப்பது தப்புக்கணக்கு. வருடம் ஒருமுறை மாற்றிவிடுவதே சரி.

சில எஞ்சின்களில் டப்பா கிடையாது. பிளாஸ்டிக் மூடிக்குள் வெறும் காகித உருளை. அங்கே முக்கால் சுற்றுக் கணக்கு செல்லாது. ஓ-ரிங்கைப் புதிதாக, அதற்குரிய பள்ளத்தில் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பல மூடிகளில் 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டே இருக்கும்.

மாட்டியதும் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்கலாமா என்று கை துறுதுறுக்கும். எஞ்சினை நிறுத்தி, டப்பாவைக் கழற்றி, வளையத்தைப் பாருங்கள்.