ஈரத்தைக் குடிக்கும் காற்று

ஜூன் பிறந்து, ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கினால் தென்காசிக்காரர்களின் முகம் மலரும். ஐந்தருவியில் தண்ணீர், மேலகரத்தில் தூறல், குற்றாலத்து விடுதிகளில் இடமில்லை. வீடு கட்டுகிறவர்களுக்கும் அப்போது ஒரு தெம்பு வரும். வெயில் இல்லை, புழுக்கம் இல்லை, தளம் போட இதைவிட நல்ல நேரம் ஏது என்று நினைப்பார்கள். அந்த நம்பிக்கையில் போட்ட தளத்தில் மறுநாள் காலை பார்த்தால், சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக ஏழெட்டு வெடிப்புகள் ஓடியிருக்கும். சிமெண்டைத் திட்டுவார்கள், எம் சாண்டைத் திட்டுவார்கள், கடைசியில் பழி கொத்தனார் தலையில் விழும். காற்றை யாரும் சந்தேகிப்பதில்லை.

மலையடிவாரத்தில் ஈரமாக இருக்கும் சாரல், கிழக்கே போகப் போக வற்றி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை பக்கம் வெறுங்காற்றாகத்தான் வந்து சேர்கிறது. காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தக் காற்று, புதுத் தளத்தின் மேலும்தான் அடிக்கிறது. கலவையைக் கொட்டிச் சமன் செய்ததும் உள்ளிருக்கும் நீரில் கொஞ்சம் மேலே கசிந்து பளபளக்கும். கசியும் வேகத்தைவிடக் காற்று உறிஞ்சும் வேகம் கூடிவிட்டால் மேல்தோல் சுருங்கும். இன்னும் இறுகாத கலவைக்கு அந்த இழுவையைத் தாங்கும் வலு கிடையாது, பிளந்துவிடும். ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு 1 கிலோ நீர் ஆவியானாலே ஆபத்து என்பது கட்டுமானத் துறையில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெப்பம் 31 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம், கலவையின் சூடு 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்று மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் மெல்ல வீசினால் ஆவியாவது சுமார் 0.3 கிலோ. அதே காற்று 30 கி.மீ. வேகத்தில் அடித்தால் 1.3 கிலோ. 10க்கு 12 அடி அறையின் தளத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு குடம் தண்ணீர் காணாமல் போகிறது! வெயில் இல்லாத நாளிலும் இதுதான் கதி.

ஆகவே இந்த ஊரில் தளம் போடுமுன் முதல் வேலை, மேற்கு பார்த்த ஜன்னல், வாசல் திறப்புகளைத் தார்ப்பாயால் அடைப்பது. மொட்டைமாடியோ நெற்களமோ என்றால் மேற்கே ஒரு மறைப்பு கட்ட வேண்டும். போடும் இடத்தை முன்கூட்டியே நனைத்துவிட வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. எம்20 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. நனைந்த மணலில் இருக்கும் நீரும் இதில் சேர்த்தி. இழுப்பதற்கு லேசாக இருக்கட்டும் என்று இன்னொரு வாளி ஊற்றினால், அந்த நீர் போகும்போது தளம் அதற்கேற்பச் சுருங்கும்.

மட்டம் தட்டி முடிந்ததும் பாலித்தீன் தாளை விரித்து மூடுங்கள். மேலே நீர் நிற்கும்போது காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்கும் பழக்கம் நம் பக்கம் ஆழமாக ஊறியது. அதை எப்படியாவது நிறுத்த வேண்டும். மேல்தோல் மட்டும் வேறாக இறுகி, வலை பின்னியதுபோல் மயிரிழைக் கீறல்கள் வருவதற்கு அதுவே பெரிய காரணம். நடுவில் தூறல் விழுந்தாலும் சிமெண்ட் தூவாமல் தாளைப் போட்டு மூடுவதே சரி.

இறுகியபின் ஈரச்சாக்கு போர்த்துங்கள், அல்லது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. எனும் பொசொலானா கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் வரை நீட்டினால் நல்லது. சாரல் நனைத்துவிடும் என்று இதில் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். அரைமணித் தூறலுக்குப் பின் அடிக்கும் காற்று அந்த ஈரத்தையும் சேர்த்து எடுத்துப் போய்விடும்.

வெடிப்பு வந்தே விட்டதா? கலவை இன்னும் இளகலாக இருந்தால் மணியாஸ் கட்டையால் அழுத்தித் தேய்த்து அடி வரை மூடலாம். மேலே சாந்து பூசி மறைப்பதில் பயனில்லை. இறுகிவிட்டால், அகலம் பார்க்க வேண்டும். 0.3 மி.மீ.க்குள் இருக்கும் மயிரிழைக் கீறலுக்கு உலர்ந்த அறைகளில் வைத்தியம் தேவையில்லை. அதற்கு மேல் போய், அசையாமல் நின்றுவிட்ட வெடிப்பைச் சுத்தம் செய்து, நீர்போல் ஓடும் எபாக்சியை ஊற்றி நிரப்பலாம், அல்லது உளியால் வாயை அகலப்படுத்தி பாலிமர் கலந்த சாந்தை அடைக்கலாம்.

காய்ந்து சுருங்குவதை முழுதாகத் தடுக்க வழியில்லை. 20 அடிக் கூடம் காலப்போக்கில் கிட்டத்தட்ட 2 மி.மீ. சுருங்கும். அதனால்தான் மண்மேல் போடும் 4 அங்குலத் தளத்தில் சுமார் 10 அடிக்கு ஒரு வெட்டு, 1 அங்குல ஆழத்தில், மறுநாளைக்குள் போட்டுவிடச் சொல்கிறார்கள். வெடிப்பு தன் இஷ்டத்துக்கு ஓடாமல் அந்த வெட்டுக்குள்ளேயே அடங்கும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: வெடிப்பின் இருபுறமும் மட்டம் மாறியிருந்தால் பிழை கலவையில் இல்லை, கீழே நிரப்பிய மண்ணில் இருக்கிறது. திமிசு போட்டு இடிக்காத மண் அமிழ்ந்திருக்கும். சங்கரன்கோவில் பக்கக் கரிசலானால் மழைக்கு ஊதி, கோடைக்குச் சுருங்கும். அங்கே சாந்து அடைத்தால் பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் அடுத்து வரும் சித்திரைக் கோடையும் தாண்டியும் கோடு நகரவில்லை என்றால் அதன்பின் டைல்ஸ் ஒட்டலாம். நகர்ந்திருந்தால், முதலில் சுவரோரம் தேங்கும் மழைநீருக்கு வெளியே வழி வெட்டிவிட்டு, ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.