அளவு எடுக்காமல் கத்திரி வைக்காதீங்க

நான் ஊரப்பாக்கத்துலேர்ந்து வர்றேன். தையல் கடை வச்சிருக்கேன்.

எதிரணியில பேசின அண்ணன், "பொம்பளப் புள்ள ஆம்பள மாதிரி நடந்தா மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் சரி பண்ணிடுங்க"ன்னார். டாக்டர்கிட்ட போறதுல எனக்குச் சண்டை இல்லீங்க. அந்த 'சரி பண்ணிடுங்க'ன்னு ஒண்ணு போட்டார் பாருங்க, அங்கதான் வழக்கு. (சிரிப்பு)

எங்க தெருவுல பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை. "அக்கா, மார்பு தெரியாத மாதிரி சட்டையை லூசா தைச்சுக் குடுங்க"ன்னு வந்து நின்னுச்சு. மறுவாரம் அம்மா வந்தாங்க. "ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது, பேச மாட்டேங்குது. மந்திரிக்கலாமா, இல்ல சீக்கிரம் கல்யாணம் பண்ணிடலாமா?" ஒரு தாய் தையல்காரிகிட்ட கேக்குறாங்கன்னா, வேற யார்கிட்டயும் கேக்க முடியலைன்னு அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிறந்த உடம்புக்கும் உள்ளே உணரும் பாலினத்துக்கும் பொருந்தாத நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்தே அதில் எடுத்துவிட்டார்கள். அப்புறம் மனநல ஆலோசகர் எதுக்கு? தூக்கம் போனதுக்கு. பள்ளிக்கூடத்துல கேலி பண்றதுக்கு. செத்துப்போயிடலாமான்னு தோணுறதுக்கு. 'நான் யாரு?'ன்னு ஒரு பிள்ளை பயமில்லாம யோசிக்கறதுக்கு. நல்ல ஆலோசகர் 'நீ திருநம்பிதான்'னு முத்திரை குத்த மாட்டார். 'நீ பொண்ணுதான், போ'ன்னும் சொல்ல மாட்டார். அவசரப்படுத்தாம கேப்பார். அளவு எடுக்காம துணியில கத்திரி வைப்பேனா நான்? (கைதட்டல்)

2021-ல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்கள், எதிர்த்த பெற்றோர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களை மட்டுமா ஆலோசனைக்கு அனுப்பினார்? பெற்றோரையும் அனுப்பினார். அதோட நின்னாரா? தனக்கே இது புரியணும்னு உளவியலாளர் வித்யா தினகரன் முன்னால தானும் போய் உட்கார்ந்தார்! நாற்காலியில இருக்கிறவர் எனக்கும் பாடம் வேணும்னு சொன்னது சின்ன விஷயமா? அந்த ஜூன் 7-ல வந்த உத்தரவு, பாலினத்தையும் பாலீர்ப்பையும் சிகிச்சையால மாத்துறேன்னு செய்யிற முயற்சிக்குத் தடை போட்டுச்சு. மறுவருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுக்கக்கேடுன்னு அறிவிச்சது. ஆக, 'ஊசி போட்டு மாத்திடுறேன்'னு எந்த டாக்டராவது சொன்னா, எழுந்து வந்துடுங்க.

வசதி இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 14416-ன்னு டெலி மனஸ், கட்டணம் கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழ்லயே பேசலாம். நேர்ல பாக்கணுமா? ஊரப்பாக்கத்துல பீச் ரயில் ஏறி பூங்கா ஸ்டேஷன்ல இறங்குங்க, பக்கத்துலதான் ஜி.ஹெச். பாலின வழிகாட்டுதலுக்குன்னே தனிப் பிரிவு வச்சிருக்காங்க.

அந்தம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: "முதல்ல நீங்க போன் போடுங்க. பிள்ளை அப்புறம் வரட்டும்." போட்டாங்க. அப்பா இன்னும் பேசலை. கல்யாணப் பேச்சு மட்டும் நின்னுருக்கு. சட்டையை நான் தைச்சுக் குடுத்துட்டேன், கூலி வாங்கலை.

நடுவர் மணியில கை வச்சுட்டார்.